எந்தப் பக்கம் முதலில் பேசுவது

மில்லில் நான் வேலை பார்த்த அறையின் கதவில் "டேட்டா சென்டர்" என்று பித்தளைப் பலகை அடித்திருந்தார்கள். திறந்து உள்ளே போனால் இரண்டு இரும்பு அலமாரிகள், அவற்றில் சில சர்வர்கள், ஒரு சுவிட்ச், சுவரில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஏசி. இதற்குப் போய் இவ்வளவு பெரிய பெயரா என்று முதல் நாள் நினைத்தேன். பெயர் வைத்தவர்களுக்கு என்னைவிட விவரம் தெரிந்திருக்கும் என்று அடுத்த நிமிடமே நினைத்துக்கொண்டேன். எதையும் இப்படி இரண்டு தடவை நினைப்பதுதான் எனக்குப் பழக்கம்.

சுவிட்ச் என்றதும் விளக்குப் போடும் சுவிட்சை நினைத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் தட்டையான பெட்டி அது. யாருக்கு வந்த தகவல் யாரிடம் போக வேண்டும் என்று பார்த்து அனுப்பும். எங்கள் அறையில் ஒன்று இருந்தது. மில் வளாகத்தின் அந்தக் கடைசியில், எடைமேடைக்குப் பக்கத்தில் இருந்த ஆபீஸ் கட்டடத்தில் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவே பஞ்சு குடோன், லாரிகள் திரும்பும் மைதானம், வரிசையாக வேப்பமரங்கள்.

ஸ்பின்னிங் மில்லில் பஞ்சு பறக்காத இடம் கிடையாது. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் சர்வர்களின் காற்றாடி வலையில் தினமும் மெல்லிய பஞ்சு படிந்திருக்கும். காலையில் வந்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் தட்டி எடுப்பதுதான் என் முதல் வேலை. தட்டி முடித்துவிட்டு சுவிட்சின் விளக்குகளைப் பார்ப்பேன். பச்சை என்றால் நலம். எல்லாம் பச்சையாகச் சிமிட்டும், ஒன்றைத் தவிர. அது மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அசையாமல் நிற்கும். நான் சொல்ல வந்தது அந்த விளக்கைப் பற்றித்தான்.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் முதலில் ஒரே ஒரு ஃபைபர் கேபிள்தான் இருந்தது. மைதானத்தில் பள்ளம் தோண்டி, குழாய்க்குள் விட்டுப் புதைத்திருந்தார்கள். புதைத்தவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள். எங்கள் மண்ணைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. கரிசல் கோடையில் வெடிக்கும். வெடிப்புக்குள் கால் போனால் முழங்கால் வரை இறங்கும். மழை விழுந்ததும் அதே மண் உப்பி மேலே எழும்பும். இப்படி இழுத்தும் தள்ளியும் குழாயை இணைப்பில் பிரித்துவிட்டது. ஒரு கோடையில், யாரும் தொடாமலே, கேபிள் உள்ளுக்குள் ஒடிந்தது. ஆபீஸ் பக்கம் கேட் பாஸ் அடிக்க முடியவில்லை. நூல் ஏற்றிய லாரிகள் மெயின் ரோடு வரை வரிசையாக நின்றன. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு மண்ணை நம்ப வேண்டாம் என்று, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மேலாகவே இரண்டாவது கேபிளை இழுத்தார்கள். புதைத்ததையும் ஒட்டுப் போட்டுச் சரிசெய்தார்கள். இரண்டு கேபிள்களையும் இரண்டு சுவிட்சுகளிலும் சொருகினோம். ஒன்று பச்சையானது. இன்னொன்று ஆரஞ்சானது.

கேபிள் பழுது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு என்னவோ சந்தேகமாக இருந்தது. பச்சையாக இருந்ததைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு தானாகவே பச்சையானது. பிடுங்கியதை மறுபடி சொருகினேன். சிறிது நேரத்தில் பழையபடி ஒன்று பச்சை, ஒன்று ஆரஞ்சு. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் அதே யோசனை. இரண்டும் நல்ல கேபிள். பிறகு ஏன் ஒன்றை அடைத்து வைக்கிறது?

அச்சடித்து எடுத்திருந்த கையேட்டில் பதில் இருந்தது. இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவில் இரண்டு வழிகள் திறந்திருந்தால், ஒரு வழியாகப் போன தகவல் மறு வழியாகத் திரும்பி வந்து, திரும்பவும் போய், சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் மொத்தமும் திணறி நின்றுவிடும். அதற்குப் பயந்து சுவிட்ச் தானே ஒன்றை அடைத்துவிடுகிறது. பயத்தால் ஒரு வழியை மூடி வைக்கிற இயந்திரம்! அதன்மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்ததே அன்றைக்குத்தான்.

அடுத்த பக்கத்தில் வேறொன்றும் போட்டிருந்தது. இரண்டு கேபிள்களையும் ஒரே பாதை என்று இரண்டு சுவிட்சுகளும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்டால், எதையும் அடைக்க வேண்டியதில்லை. இரண்டும் வேலை செய்யும். ஒன்று அறுந்தால் மற்றது அந்தக் கணமே சுமையை ஏற்றுக்கொள்ளும். இதற்கு லிங்க் அக்ரிகேஷன் என்று பெயர். பேசி ஒப்புக்கொள்கிற முறைக்கு எல்ஏசிபி என்று பெயர். "பேசி" என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இயந்திரங்கள் தங்களுக்குள் என்ன பேசும்?

மேனேஜரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"நல்லதும்மா. மழைக்கு முன்னால செஞ்சு முடிச்சிரணும். ஆனா ஒண்ணு. நமக்குச் சுவிட்சு வித்த மதுரைக் கம்பெனிக்கே மொத்த மெயின்டனன்ஸையும் குடுத்திரலாம்னு முதலாளி சொல்லிக்கிட்டு இருக்காரு. இந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க செஞ்சு காட்டினா நான் வேண்டாம்னு சொல்லுதேன். இல்லேன்னா உங்களை குடோன் பில்லிங்குக்கு மாத்தும்படியா இருக்கும்."

குடோன் பில்லிங் ஷிப்ட் வேலை. ராத்திரி ஷிப்டும் வரும். என் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கணவருக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். இடைசெவலில் எங்கள் வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் என் மாமியார். பகல் வேலை என்பதால்தான் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் என்று போய் நின்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள். "அப்ப விட்டுரு தாயி" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். நானும் சரி என்று விட்டுவிடுவேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை என்று வந்தாலாவது எதிர்த்து நிற்பேனோ என்னவோ.

மாமியாருக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. அப்போது செல்போனில் பேசினால் காசு, மிஸ்டு கால் கொடுத்தால் காசில்லை. மதியம் பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியதும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். பையில் போன் அடித்து நின்றதும் எனக்கு மூச்சு சீராகும். அதற்குப் பிறகுதான் நான் டிபன் பாக்ஸைத் திறப்பேன். வெள்ளிக்கிழமை அது அடித்தபோது மேனேஜர் என் பக்கத்தில் நின்றார். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் மாமியாரிடம், "அத்தை, நாளைக்கு மட்டும் பாத்து அடிங்க. மேனேஜர் கூடவே இருப்பாரு" என்று சொல்லிவைத்தேன். சொன்னதை மறந்தும் போனேன்.

சனிக்கிழமை காலை, பஞ்சு தட்டிவிட்டு உட்கார்ந்தேன். கன்சோல் கேபிளைச் சுவிட்சில் சொருகி, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட ஆரம்பித்தேன். கேபிள்கள் சொருகியிருந்த இரண்டு போர்ட்டுகளையும் ஒரே குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். பிறகு எந்த முறையில் பேசுவது என்று சுவிட்ச் கேட்டது. கையேட்டில் மூன்று சொற்கள் இருந்தன: ஆன், ஆக்டிவ், பாசிவ்.

ஆன் என்றால் பேச்சே கிடையாது. எதிர்ப்பக்கத்தைக் கேட்காமலே இது ஒரே பாதை என்று முடிவுகட்டிவிடும். ஆக்டிவ் என்றால் தானே முதலில் எதிர்ப்பக்கத்தைக் கூப்பிடும். பாசிவ் என்றால் தானாகக் கூப்பிடாது; கூப்பிட்டால் பதில் சொல்லும்.

ஆன் என்பதைத் தொடவே இல்லை. மற்ற இரண்டில் எது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். ஆக்டிவ் போட்டு, எதிர்ப்பக்கம் தயாராக இல்லாத நேரத்தில் இது போய்க் கூப்பிட்டு, ஏதாவது தப்பாகிவிட்டால்? பாசிவ்தான் அடக்கமாகத் தெரிந்தது. கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் சும்மா இருக்கும். மருமகள்களுக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. பாசிவ் என்று அடித்தேன்.

ஆபீஸ் கட்டடத்துச் சுவிட்சைப் பார்த்துக்கொண்டவர் ஒரு அண்ணாச்சி. கணக்குப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு, கம்ப்யூட்டர் வந்ததும் பயிற்சிக்குப் போய் வந்தவர். எதையும் சிரிக்காமல் சிரிக்க வைப்பார். அவருடைய சுவிட்ச் வேறொரு கம்பெனித் தயாரிப்பு. கட்டளைகளும் வேறு, கையேடும் வேறு. அதனால் அவரவர் பக்கத்தை அவரவர் செய்வது என்று முடிவு. இன்டர்காமில் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நான் போட்டுட்டேன். உங்க பக்கம் ஆச்சா?"

"அப்பவே ஆச்சு தங்கச்சி. குளிச்சுப் பொட்டு வச்சு உக்காந்திருக்கு. உங்க ஆளு எப்ப வாராரு?"

"எங்க பக்கமும் தயாராத்தான் இருக்கு."

"அப்ப முகூர்த்தந்தான். லைட்டைப் பாருங்க."

பார்த்தேன். பச்சை, ஆரஞ்சு. காத்திருந்தேன். பச்சை, ஆரஞ்சு. எதிர்ப்பக்க இயந்திரம் யார் என்று காட்டும் கட்டளையை அடித்தேன். அண்டைச் சுவிட்சின் எண் வர வேண்டிய இடத்தில் வரிசையாகப் பூஜ்யங்கள். அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒரு எண் தப்பாக வந்திருந்தால்கூட எங்கே தேடுவது என்று தெரிந்திருக்கும். பூஜ்யத்தை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது?

முதல் சந்தேகம் என்மேலேயே. கட்டளைகளை அழித்துவிட்டுத் திரும்ப அடித்தேன். அதே பூஜ்யங்கள். கேபிள்களின் முனைகளைத் துணியால் துடைத்துச் சொருகினேன். போர்ட்டை மாற்றினேன். அண்ணாச்சியையும் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்பச் செய்யச் சொன்னேன்.

"எத்தனை தடவை செஞ்சாலும் பொண்ணு தயாரா இருக்குன்னுதான் காட்டுது. மாப்பிள்ளை வீட்டுலதான் என்னவோ இழுக்குதாவ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு வழி தெரியாமல் மதுரைக் கம்பெனியின் என்ஜினீயருக்கு, சுவிட்சை விற்றவர்கள் என்ற முறையில், போன் செய்தேன். அவர் வேறெங்கோ வேலையில் இருந்தார். பின்னால் யாரோ டிரில் போடும் சத்தம்.

"எதுக்கு மேடம் இவ்வளவு யோசனை? ஆன் போட்டு விட்டுருங்க. வந்துரும்."

"அந்தப் பக்கம் கேக்காமலா சார்?"

"யாரைக் கேக்கணும்? ரெண்டும் உங்க சுவிட்சுதானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

போடலாமா வேண்டாமா என்று விரல் விசைப்பலகைமேலேயே நின்றது. என்ஜினீயரைக் கேட்டுத்தான் செய்தேன் என்றாவது சொல்லலாம் என்று போட்டேன். உடனே இரண்டு விளக்குகளும் பச்சையாகின. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இவ்வளவுதானா என்று அண்ணாச்சியைக் கூப்பிடக் கை நீட்டினேன். அதற்குள் இன்டர்காமே அடித்தது.

"தங்கச்சி, இங்கன ஒரு கூத்து நடக்குது. என் கம்ப்யூட்டர்ல எல்லாம் வருது. எடைமேடைல ஒண்ணும் வரல. கேஷியருக்கு வருது. கேட் பாஸுக்கு வரல. பாதிப் பேரு சாமி கும்பிடுதாவ, பாதிப் பேரு உங்களை ஏசுதாவ."

உடனே ஆன் என்பதை எடுத்துவிட்டுப் பாசிவ் என்றே திரும்பப் போட்டேன். பழையபடி ஒரு பச்சை, ஒரு ஆரஞ்சு. எல்லோருக்கும் வந்தது. ஒரு லாரிகூட நிற்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பதற்றத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அது ஏன் சரியாகப் பாதிப் பேர்? கெட்டால் எல்லோருக்கும் கெட வேண்டும், இல்லாவிட்டால் யாருக்கும் கெடக் கூடாது. காகிதத்தில் இரண்டு பெட்டிகள் வரைந்து நடுவில் இரண்டு கோடுகள் போட்டேன். கையேட்டைத் திரும்பப் புரட்டினேன். ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிற தகவல்களை இரண்டு கேபிள்களிலும் மாற்றி மாற்றிப் போடாதாம். முன்னே அனுப்பியது பின்னே போய்ச் சேர்ந்து வரிசை கலைந்துவிடும் என்பதால் ஆளுக்கு ஒரு கேபிள் என்று பிரித்துவிடுமாம். அப்படியானால் நடந்தது இதுதான். என் பக்கம், இரண்டும் திறந்திருப்பதாக நம்பி, பாதிப் பேருக்குரியதை இந்தக் கேபிளிலும் பாதிப் பேருக்குரியதை அந்தக் கேபிளிலும் அனுப்பியது. அண்ணாச்சி பக்கமோ எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. என் பக்கம் திறந்ததைப் பார்த்துப் பயந்து, தன் பக்கம் ஒரு வழியை அடைத்துவிட்டது. அடைத்த வழியில் போனவை எல்லாம் அங்கேயே காணாமல் போயின.

கண்டுபிடித்ததும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, இதனால் என்ன பயன் என்று தோன்றியது. கேட்காமல் செய்தால் கெடும் என்று தெரிந்துவிட்டது. கேட்டால் ஏன் பதில் வரவில்லை என்று இன்னும் தெரியவில்லையே.

மேனேஜர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "என்னம்மா, எடைமேடைல ஏதோ நின்னுச்சாமே?"

"உடனே சரி பண்ணிட்டேன் சார்."

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாரேன். இல்லேன்னா சொல்லிருங்கம்மா, அதுல ஒண்ணும் தப்பில்ல. எல்லாருக்கும் எல்லாம் வராது." நல்லவிதமாகத்தான் சொன்னார். அது எனக்கு ஏச்சைவிட அதிகமாக வலித்தது.

அவர் போனதும்தான் கவனித்தேன். மதியம் தாண்டி வெகு நேரமாகிவிட்டது. மிஸ்டு கால் வரவில்லை.

போனை எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருந்தது. சிக்னல் இருந்தது. பிள்ளை இன்னும் தூங்கவில்லையோ? காய்ச்சலாக இருக்குமோ? காலையில் உடம்பு லேசாகச் சுட்டதே, அது வெயிலாலா, காய்ச்சலா? நான் கூப்பிடலாம். ஆனால் இப்போதுதான் தூங்க வைத்திருந்தால் போன் அடித்து எழுந்துவிடும். எழுந்தால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனாலும் மனசுக்குள் நினைப்பார். அவர் அடிக்கட்டும், அதுதானே ஏற்பாடு என்று போனை மேஜைமேல் வைத்தேன். ஒரு கண் சுவிட்ச் விளக்கில், ஒரு கண் போனில். இரண்டும் அசையவில்லை.

டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. டீக்காரர் வந்து போனதும் தாங்க முடியாமல் நானே கூப்பிட்டேன். முழுதாக ஒரு மணிகூட அடிக்கவில்லை, அதற்குள் எடுத்துவிட்டார்.

"ஏட்டி, என்ன இம்புட்டு நேரம்? நானும் போனை மடியிலேயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"பிள்ளை எப்படி இருக்கா அத்தை? மிஸ்டு கால் வரலியே."

"அவளுக்கென்ன, பருப்புச் சோத்தைத் தின்னுட்டு அப்பவே தூங்கி, எந்திரிச்சும் ஆச்சு. இந்தா, என் சேலையைக் கடிச்சுக்கிட்டு இருக்கா. நீதானட்டி நேத்துச் சொன்ன, மேனேசர் இருப்பாவ, பாத்து அடிங்கன்னு. அவிய எப்ப இருப்பாவ, எப்ப இருக்க மாட்டாவன்னு எனக்கு இங்கன இருந்து தெரியுமா? சரி, அவ சௌரியம் பாத்து அவளே கூப்பிடட்டும், நம்ம தயாரா இருப்போம்னு இருந்தேன்."

"நான் பிள்ளை தூங்குமேன்னு நீங்க கூப்பிடட்டும்னு இருந்தேன்."

"நல்லாருக்கு! இப்பிடியே இருந்தா இருட்டுற வரைக்கும் இருக்கலாம்" என்று சிரித்தார். பிள்ளை போனைப் பிடுங்கி ஏதோ கத்தியது. வைத்துவிட்டார்.

முதலில் தோன்றியது நிம்மதி மட்டும்தான். டிபன் பாக்ஸைத் திறந்தேன். முதல் கவளத்தை எடுத்தபோதுதான் அண்ணாச்சி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது காதில் திரும்ப விழுந்தது. தயாராக இருக்கிறது, தயாராக இருக்கிறது. தயாராக இருக்கிறது என்றுதானே நானும் சொன்னேன்? அவர் எதைப் போட்டார் என்று நான் கேட்கவே இல்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் வேலையைச் சந்தேகப்பட்டது போல ஆகிவிடும் என்று ஒரு மரியாதை. கழுவாத கையோடு இன்டர்காமை எடுத்தேன்.

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆக்டிவ் போட்டீங்களா, பாசிவ் போட்டீங்களா?"

"பாசிவ்தான். ஏன்?"

"ஏன் பாசிவ் போட்டீங்க?"

"என்ன தங்கச்சி இது! மெயின் சுவிட்சு உங்ககிட்ட இருக்கு, சர்வர் பூரா உங்ககிட்ட இருக்கு. நம்ம எடைமேடைக்காரன் போய் முதல்ல வாயைத் திறந்தா மரியாதையாவா இருக்கும்? பெரிய இடத்துலருந்து கூப்பிட்டா, ஆங்குன்னு பதில் சொல்லணும்னு வச்சிருக்கேன்."

"நானும் பாசிவ்தான் அண்ணாச்சி போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் கையேட்டின் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப காலைலருந்து ரெண்டு பேரும் வாசலைப் பாத்துக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கோம்" என்றார்.

பூஜ்யங்களுக்கு அர்த்தம் அதுதான். பழுதும் இல்லை, தப்பும் இல்லை. யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அவ்வளவுதான். வேறு ஊரில், வேறு இரண்டு பேர் செய்திருந்தால் ஒருவராவது ஆக்டிவ் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் அது கையில் வரவில்லை.

யார் மாற்றுவது என்று அதற்கும் ஒரு சின்ன மரியாதைப் போட்டி நடந்தது. "நீங்களே மாத்துங்க" என்றேன். "நீங்கதான் மாத்தணும்" என்றார். கடைசியில் நானே மாற்றினேன். பாசிவ் என்ற சொல்லை அழித்துவிட்டு ஆக்டிவ் என்று அடித்தேன். என்டர் தட்டும்போது, ஆன் போட்டபோது நடந்தது ஞாபகம் வந்தது. தட்டினேன்.

இரண்டு விளக்குகளும் ஒரு முறை அணைந்தன. ஏசிச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. பிறகு ஒன்று பச்சையானது. அடுத்தது ஆரஞ்சாகி, நின்று, பச்சையானது. இரண்டும் சேர்ந்து சிமிட்டின. கட்டளையை அடித்துப் பார்த்தேன். பூஜ்யங்கள் இருந்த இடத்தில் அண்ணாச்சியின் சுவிட்சினுடைய எண், முழுதாக, வந்து நின்றது. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. எடைமேடையா, கேட் பாஸா, கேஷியரா என்று ஒவ்வொருவராகக் கேட்டு வரச் சொன்னேன். எல்லோருக்கும் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு எனக்கு அதிசயமாக இருந்தது. ஒப்புக்கொண்ட பிறகும் அவை சும்மா இருப்பதில்லை. நான் இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று ஒவ்வொரு கேபிளிலும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மெதுவான முறையில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. வேகமான முறையில் நொடிக்கு ஒரு தடவை. மெதுவானதே போதும் என்று கையேட்டில் இருந்தது. யாருக்குப் போதும்? அரை நிமிடம் ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது எவ்வளவு நீளம் என்று அந்த மதியம் எனக்குத் தெரிந்திருந்தது. வேகமானதையே வைத்தேன். இயந்திரத்தைத் தொந்தரவு செய்கிறேனோ என்று ஒரு நினைப்பு வந்தது. நீயும் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பார் என்று அதனிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணாச்சியும் தன் பக்கம் அதையே வைத்தார்.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தார். இரண்டு பச்சை விளக்குகளையும் காட்டினேன். அவருக்குத் திருப்தி வரவில்லை.

"லைட்டு மதியமும் பச்சையாத்தானம்மா எரிஞ்சுதாம். நாளைக்கு மண்ணு இழுத்து அறுத்துச்சுன்னா என்ன ஆகும்? அதைக் காட்டுங்க."

அதைக் காட்ட ஒரே வழிதான் இருந்தது. லாரி எடை போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கிற கேபிளைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் எல்லாம் நின்றுவிட்டால், என் வேலை அந்த நிமிடத்தோடு முடிந்தது. ஷிப்ட் முடிந்த பிறகு காட்டட்டுமா என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் எனக்கே பார்க்க வேண்டும் போல இருந்தது. உண்மையிலேயே தாங்குமா? காகிதத்தில் வரைந்த இரண்டு கோடுகளில் ஒன்றை அழித்தால் என்ன நடக்கும்? அந்த ஆசை அன்றைக்குப் பயத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது; ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எடைமேடைக் கம்ப்யூட்டரை இடைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் திரையைத் திறந்து வைத்தேன். பதில், பதில், பதில் என்று வரிகள் கீழே கீழே வந்தன. மேனேஜர் இன்டர்காமை ஸ்பீக்கரில் போட்டு, அண்ணாச்சியிடம் எடையைப் படிக்கச் சொன்னார். அண்ணாச்சி கோவில் மைக்கில் படிப்பது போலப் படித்துக்கொண்டிருந்தார். நான் மண்ணுக்குள் கிடக்கும் கேபிளின் முனையைப் பிடித்துப் பிடுங்கினேன்.

ஒரு வரி பதிலில்லை என்று வந்தது. அடுத்த வரி, பதில். அதற்கடுத்தது, பதில். அண்ணாச்சி நிறுத்தாமல் படித்துக்கொண்டே போனார்.

மேனேஜர் திரையைப் பார்த்தார், என் கையிலிருந்த கேபிளைப் பார்த்தார். "பிடுங்குங்கம்மா" என்றார்.

"பிடுங்கிட்டேன் சார்."

"ஒண்ணுமே நடக்கலையே?"

"ஆமா சார். அதுதான் சார்."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்று நினைக்கிறேன். பட்டாசு வெடிப்பதைப் பார்க்க வந்தவர் போல நின்றார். மறுபடி சொருகச் சொன்னார், சுவரோரக் கேபிளைப் பிடுங்கச் சொன்னார். அதையும் செய்தேன். அண்ணாச்சி அப்போதும் படித்துக்கொண்டிருந்தார். "போதும்யா, நிறுத்தும்" என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

மேனேஜர் கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். "முதலாளிகிட்ட நான் பேசுதேன். நீங்க இங்கனயே இருங்கம்மா." பிறகு பித்தளைப் பலகையை விரலால் துடைத்துப் பார்த்து, "பஞ்சு அப்பியிருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக முடிந்ததில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வேகமான முறையை வைத்தது சரிதானா என்று இரண்டு தடவை யோசித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் ஏற்பாட்டை மாற்றச் சொன்னேன். இனிமேல் நீங்கதான், நான்தான் என்று இல்லை. யாருக்கு முதலில் தோன்றுகிறதோ அவர் கூப்பிடலாம். அவரும் "அதான் சரி" என்றார். கையேட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் ஆக்டிவ் போட்டாலும் குற்றமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட்டாலும் பேச்சு நடந்துவிடும்.

திங்கட்கிழமை மதியம், மேனேஜர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கேஜ்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் எங்கேஜ்டு. பிள்ளைக்கு ஏதோ ஆகி டாக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறாரோ என்று எழுந்தே நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை நான் கூப்பிடாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தபோது, அது அடித்தது.

"யாரு கூடட்டி இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்த?" என்றார் மாமியார். "நானும் அப்பலேர்ந்து அடிக்கேன், எங்கேசு, எங்கேசுன்னே வருது."

மிஸ்டு கால் கொடுக்க வேண்டியவர், பயத்தில் காசைப் பார்க்காமல் பேசிவிட்டார். பின்னால் என் மகள் எதையோ தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் எதிரே இருந்த இரண்டு பச்சை விளக்குகளையும் பார்த்தேன். இவை மட்டும் ஒரே நேரத்தில் பேசியும் எப்படி முட்டிக்கொள்ளாமல் இருக்கின்றன என்று ஒரு கேள்வி வந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையேட்டைத் தேடி எடுத்தேன்.